சுகர் புத்தகத்தில் தூக்கத்திற்கும் ஒரு கட்டம்

எனக்குத் தரப்பட்ட சுகர் பதிவுப் புத்தகத்தில் தேதிக்கும், வெறும் வயிற்றில் எடுத்த அளவுக்கும், சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து எடுத்த அளவுக்கும், இரத்த அழுத்தத்திற்கும் கட்டங்கள் உண்டு. தூக்கத்திற்கு மட்டும் இல்லை. ஓரத்தில் பென்சிலால் கோடு இழுத்து அந்தக் கட்டத்தை நானே சேர்த்துக்கொண்டேன். எப்போது படுத்தேன், இடையில் எத்தனை முறை எழுந்தேன், விழித்தபோது உடல் எப்படி இருந்தது என்பவற்றை மட்டும் அதில் குறிக்கிறேன். பினாங்கின் பாயான் லெப்பாஸில் மின்னணுப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், பகல் ஷிப்டும் இரவு ஷிப்டும் மாறி மாறி வரும் லைன் லீடர் வேலை எனக்கு. சாப்பாடும் மாத்திரையும் மாறாத வாரங்களில்கூடக் காலைச் சுகர் (லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்) ஒரு நாள் 6.2 என்றும் இன்னொரு நாள் 8.9 என்றும் வருவதற்குக் காரணம் தேடினால், பெரும்பாலும் அந்த ஓரக் கட்டத்தில்தான் அது கிடைக்கிறது.

சோற்றைக் குறை, தினமும் நட என்று சொல்லாதவர்கள் இல்லை. தூக்கம் கெட்டிருக்கிறது என்று சொன்னால் மட்டும், வயதானால் அப்படித்தான் என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். இரவு உடைந்து கிடக்கும்போது பகலில் எவ்வளவு வியர்க்க நடந்தாலும் அதன் பலனில் ஒரு பகுதி கைக்கு வந்து சேர்வதில்லை என்பது என் திடமான கருத்து. ஆகையால் முதலில் இரவை உடைப்பது எது என்று கண்டுபிடித்துவிட்டு, அதன் பிறகு உடற்பயிற்சியை அந்தந்த இரவுக்கு ஏற்ப அமைத்துக்கொள்ள வேண்டும்.

இது என் ஒருத்தியின் அனுமானம் இல்லை. 1999-ஆம் ஆண்டு சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நல்ல உடல்நலம் உள்ள 11 இளைஞர்களை 6 இரவுகள் தொடர்ந்து 4 மணி நேரம் மட்டுமே படுக்கவிட்டுப் பார்த்தார்கள். இனிப்புநீரே (நீரிழிவே) இல்லாத அந்த இளைஞர்களின் உடல், குளுக்கோஸைக் கையாளும் திறனில் தெளிவாகப் பின்தங்கியது. 2010-இல் நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வில், ஒரே ஓர் இரவு 4 மணி நேரமாகத் தூக்கத்தைக் குறைத்தபோதே இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போனது. தூக்கம் குறைந்த உடல் ஆபத்தில் இருப்பதுபோல் நடந்துகொள்கிறது; கார்ட்டிசோல், அட்ரினலின் போன்ற சுரப்புகளின் ஒழுங்கு குலைகிறது, கல்லீரல் சேமித்து வைத்த சர்க்கரையை இரத்தத்தில் விடுகிறது, தசைகள் இன்சுலினின் சொல்லுக்கு இணங்க மறுக்கின்றன. ஏற்கெனவே இன்சுலினுக்கு இணங்காத உடலை வைத்திருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றும் வேலை. அமெரிக்க, ஐரோப்பிய நீரிழிவுச் சங்கங்கள் இரண்டும் 2022-இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டலில் உணவு, உடல் இயக்கம் ஆகியவற்றோடு தூக்கத்தையும் சிகிச்சையின் முக்கியப் பகுதியாக வைத்தன. பெரியவர்களுக்கு இரவுக்கு 7 மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை.

மலேசியாவில் 2019-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு இனிப்புநீர் இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அது மிக அதிகம். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972-இல் தொடங்கியதிலிருந்து இரவு ஷிப்ட் பார்த்தே பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்கள் பினாங்குத் தமிழர்களிடையே ஏராளம். இந்த இரண்டும் ஒரே வீட்டில் சேரும்போது தூக்கத்தைத் தனியாகக் கவனிக்காமல் இருக்க முடியாது.

இரவு ஏன் உடைகிறது என்ற கேள்வியை எனக்குள் எழுப்பியவர் கிளினிக்கில் இருக்கும் ஓர் இளம் மிஸ்ஸி, அதாவது தாதி. எடை பார்த்துக்கொண்டே, "ஆன்ட்டி, ராத்திரி எத்தனை தடவை பாத்ரூம் போக எழுந்திருக்கிறீங்க?" என்று கேட்டார். மூன்று தடவை, சில நாள் நான்கு என்றேன். "தண்ணி குடிக்கிறதாலயா, இல்ல சுகர் ஏறி இருக்கிறதாலயா?" என்று அவர் அடுத்துக் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. இரத்தத்தில் சுகர் ஏறத்தாழ 10-ஐத் தாண்டும்போது சிறுநீரகத்தால் அதை முழுவதும் பிடித்துவைக்க முடியாமல் சிறுநீரில் விடுகிறது என்றும், சர்க்கரை போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது என்றும் அவர் விளக்கினார். படுக்கும் நேரத்தில் சுகர் 12 என்று இருந்தால் இரவு முழுவதும் எழுந்து நடக்க வேண்டியதுதான். எழுந்து நடந்தால் தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் மறுநாள் சுகர் இன்னும் ஏறும். இந்தச் சுழலை எங்கேயாவது ஓரிடத்தில் அறுக்க வேண்டும். எனக்கு அது இராச்சாப்பாடாக அமைந்தது.

இராச்சாப்பாட்டை முன்தள்ளி, சோற்றைப் பாதியாக்கி, கீரையையும் மீனையும் கூட்டினேன் என்பதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். இதை எல்லாருமே கேட்டிருப்பார்கள். அதைவிடப் பயன்பட்டது சாப்பிட்டவுடன் நடக்கும் சிறு நடை. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2016-இல் வெளிவந்தது. நாளில் ஏதோ ஒரு நேரத்தில் 30 நிமிடம் நடப்பதைவிட, ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் 10 நிமிடம் நடப்பது சாப்பாட்டுக்குப் பிந்திய சுகரை நன்றாகக் குறைக்கிறது என்றும், இராச்சாப்பாட்டுக்குப் பிறகு அந்த வேறுபாடு மிகுதியாக இருந்தது என்றும் அது காட்டியது. எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி வந்தாலே 10 நிமிடம் ஆகிவிடும். மழை கொட்டும் மாதங்களில் மாடித் தாழ்வாரத்திலேயே நடக்கிறேன். படுக்கும் நேரச் சுகர் 8-க்குக் கீழே வந்த பிறகு எழுந்திருப்பது ஒரு தடவையாகக் குறைந்தது.

இரவில் எழாமல் இருப்பதற்காகத் தண்ணீரையே குறைத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். பினாங்கு வெயிலில் அது ஆபத்தானது. நாள் முழுவதற்குமான தண்ணீரில் பெரும் பங்கைச் சாயங்காலத்துக்குள் குடித்து முடிப்பதுதான் சரியான வழி. நின்றபடியே வேலை செய்பவர்களுக்குப் பகலெல்லாம் காலில் நீர் இறங்கி, படுத்தவுடன் அது மேலேறிச் சிறுநீராக வெளியேறும். வேலை முடிந்து வந்ததும் கொஞ்ச நேரம் தலையணையில் காலை உயர்த்திவைத்துப் படுத்தால் அந்த நீர் தூங்குவதற்கு முன்பே போய்விடுகிறது. சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளையும், இரத்த அழுத்தத்திற்கான நீர் மாத்திரைகளையும் எந்த நேரத்தில் எடுப்பது என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். பொதுவாக அவை காலை மாத்திரைகள். எரிச்சலும் காய்ச்சலும் இருந்தால் அது கிருமித்தொற்றாக இருக்கலாம். ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கமும் காரணமாகலாம்.

அடுத்த காரணம் இதற்கு நேர் எதிரானது: தூக்கத்தில் சுகர் இறங்கிப்போவது. எங்கள் லைனில் வேலை செய்யும் தம்பி ஒருவர் இன்சுலின் போடுகிறார். வாரம் ஒரு முறை இரவு 10 மணிக்கு நண்பர்களோடு ஃபுட்சால் ஆடுவார். "அக்கா, பந்து விளையாடின ராத்திரியிலதான் பேய்க்கனவா வருது, சட்டையெல்லாம் நனைஞ்சு போகுது, காலையில தலை பிளக்குது," என்று ஒருமுறை சாப்பாட்டு நேரத்தில் சொன்னார். பேயை விட்டுவிட்டு, அந்த இரவில் 3 மணிக்கு அலாரம் வைத்து ஒரு தடவை விரலைக் குத்திப் பார்க்கச் சொன்னேன். மீட்டர் 3.4 காட்டியது. கடுமையாக உடலை வருத்தியபின் தசைகள் தாம் இழந்த சர்க்கரையைப் பல மணி நேரம் கழித்தும் இரத்தத்திலிருந்து உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இன்சுலினோ கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் வகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு இதனால் நடு இரவில் சுகர் 4-க்குக் கீழே போகலாம். உடல் அதைச் சமாளிக்க அட்ரினலினை விடுவதால்தான் வியர்வையும் படபடப்பும் கெட்ட கனவும் வருகின்றன. அப்படி இறங்கிவிட்டால் மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடியும் சோதிக்க வேண்டும். அந்தத் தம்பியின் டாக்டர் ஆட்ட நாட்களுக்கென்று இன்சுலின் அளவை மாற்றிக் கொடுத்தார்; ஆட்டத்தையும் தம்பி 8 மணிக்கு மாற்றிக்கொண்டார். மெட்ஃபோர்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்தப் பயம் மிகக் குறைவு. ஆகவே நள்ளிரவில் வியர்த்து விழிக்கும் எல்லாரும் உடனே இனிப்பைத் தேடி ஓட வேண்டியதில்லை. முதலில் மீட்டரைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது காரணம் எங்கள் வீட்டிலேயே, எனக்கு ஒரு சாண் தள்ளிப் படுத்திருந்தது. என் கணவர் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுகிறார். அவருக்கும் இனிப்புநீர் உண்டு. அவருடைய குறட்டை பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். குறட்டையைவிட என்னைக் கலவரப்படுத்தியது அது நிற்கும் நேரம். சத்தம் திடீரென்று அறுந்துபோகும். மார்பு மட்டும் மேலும் கீழும் போராடும். மூச்சு உள்ளே போகும் ஓசை இருக்காது. நான் விளக்கைப் போடுவதா என்று யோசிக்கும்போது, தண்ணீரில் மூழ்கி மேலே வருபவரைப்போல் ஓர் இழுப்பு இழுத்துப் புரண்டு படுத்து, மறுபடியும் குறட்டையைத் தொடங்குவார். காலையில் சொன்னால், "நான் நல்லாத்தானே தூங்கினேன், நீதான் தூங்காம என்னைப் பார்த்துக்கிட்டு இருந்திருக்கே," என்பார். ஓர் இரவு கைப்பேசியைத் தலைமாட்டில் வைத்துப் பதிவு செய்து, "என்னங்க, இதை ஒரு தடவை கேளுங்க," என்று கொடுத்தேன். பேசாமல் முழுவதையும் கேட்டார். அடுத்த கிளினிக் நாளுக்கு அதே பதிவை டாக்டரிடம் கொண்டுபோனோம்.

டாக்டர் கழுத்துச் சுற்றளவை நாடாவால் அளந்தார். அது 40 சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தது. பகலில் தூங்கி வழிகிறாரா, இரத்த அழுத்தம் உண்டா, மூச்சு நிற்பதை யாராவது பார்த்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டே வந்தவர், என்ன வேலை செய்கிறார் என்று கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். விடியற்காலையில் நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு பினாங்குப் பாலத்தைக் கடக்கும் ஓட்டுநர் என்று தெரிந்ததும் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். உடலில் கம்பிகளை ஒட்டி இரவு முழுவதும் கண்காணிக்கும் தூக்கப் பரிசோதனை நடந்தது. தூக்கத்தில் தொண்டைப் பாதை மூடிக்கொண்டு மூச்சு தடைபடும் நோய் என்று உறுதியானது. ஒவ்வொரு தடவையும் உயிர்வளி குறைந்து மூளை தட்டி எழுப்புவதால், எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்தாலும் ஆழ்ந்த தூக்கம் இல்லை. ஒவ்வொரு தட்டலுக்கும் அட்ரினலின் எழும்புகிறது, அதோடு இரத்த அழுத்தமும் சுகரும் எழும்புகின்றன. இரண்டாம் வகை இனிப்புநீர் உள்ளவர்களில் பாதிப்பேருக்கு மேல் இது இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பெரும்பாலோருக்கு அது தெரிவதே இல்லை. உடல் பருத்தவர்களுக்கு மட்டும் வரும் என்பதும் சரியில்லை. ஆசிய முக அமைப்பு உள்ளவர்களுக்கு நடுத்தர எடையிலும் வருகிறது, மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் வருகிறது.

மூக்கின் மேல் முகமூடியைப் பொருத்திக் காற்றை மெல்ல அழுத்தி அனுப்பும் சிபேப் கருவியை, ஆஸ்திரேலிய டாக்டர் காலின் சல்லிவன் 1981-இல் அறிமுகப்படுத்தினார். சில ஆயிரம் ரிங்கிட் ஆகும் பொருள் அது. முதல் வாரங்களில் என் கணவர் பாதி இரவில் கழற்றி எறிந்தார். முகமூடியின் அளவை மாற்றிய பிறகு பழகிவிட்டது. இந்த இடத்தில் மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும்: கருவி போட்டதால் அவருடைய மூன்று மாதச் சுகர் சரசரவென்று இறங்கிவிடவில்லை. ஆய்வுகளிலும் சுகரைப் பொறுத்தவரை முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. ஆனால் பகல் தூக்கம் போயிற்று, காலைத் தலைவலி போயிற்று, இரத்த அழுத்தம் கொஞ்சம் தணிந்தது. வேலை முடிந்து வந்தால் நாற்காலியில் சரிந்துவிடும் மனிதர், "வா, ஒரு சுற்று நடந்துட்டு வரலாம்," என்று என்னையே கூப்பிட ஆரம்பித்தார். சுகர் இறங்கியது அந்த நடையில்தான். எடை குறையும்போது மூச்சுத்தடையும் குறையும் என்பதால் இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாயின.

தூக்கம் இல்லாத நாளில் உடற்பயிற்சி எப்படி இருக்கும் என்பதை எனக்குத் தண்ணீர்மலைதான் சொல்லிக்கொடுத்தது. ஓய்வு நாட்களில் தாவரவியல் பூங்காவில் நடந்துவிட்டு முருகன் கோயில் படிகளில் ஏறுவது என் வழக்கம். 500-க்கும் மேற்பட்ட படிகள். நன்றாகத் தூங்கிய நாளில் நடுவில் ஓரிடத்தில் நின்றால் போதும். இரவு ஷிப்ட் முடிந்து சரியாகத் தூங்காமல் போன நாட்களில் அதே படிகள், அதே வேகம், ஆனால் தொடை கனத்துப்போய்க் கால் தூக்க வராது. கைக்கடிகாரம் காட்டும் நாடித்துடிப்பு வழக்கத்தைவிட மேலே நிற்கும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எண்ணி எண்ணி ஏற வேண்டியிருக்கும். தூக்கம் குறைந்தால் தசையின் உச்ச பலம் அவ்வளவாகக் குறையாவிட்டாலும், அதே வேலை கூடுதல் கடினமாகத் தோன்றும் என்றும், சீக்கிரம் களைத்துவிடுவோம் என்றும் விளையாட்டு மருத்துவத்தில் சொல்வார்கள். இது சோம்பல் இல்லை. அந்த நாளில் தன்னைத் திட்டிக்கொண்டு கூடுதலாக ஏறுவது இடறி விழுவதில்தான் முடியும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு அந்த இடறலே புண்ணாகிவிடும்.

களைப்போடு சேர்ந்து வரும் இன்னொரு துணை பசி. தூக்கம் குறைந்தால் வயிறு நிறைந்தது என்று சொல்லும் லெப்டின் குறைந்து, பசிக்கிறது என்று சொல்லும் கிரெலின் கூடுகிறது என்று சிகாகோ ஆய்வாளர்களே 2004-இல் காட்டினார்கள். பினாங்கில் அந்தப் பசிக்கு 24 மணி நேரமும் கதவு திறந்திருக்கிறது. ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் எதிரே மாமாக் கடை என்னும் இந்திய முஸ்லிம் உணவுக்கடை. மீ கோரெங் என்னும் வறுத்த நூடுல்ஸும், கெட்டிப்பால் ஊற்றி இழுத்தாற்றிய தே தாரிக் தேநீரும் அந்த நேரத்தில் தேவாமிர்தமாகத் தெரியும். மன உறுதியைப் பற்றி நீளமாகப் பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வேலைக்குப் போகும்போதே அவித்த முட்டையும் கடலைச் சுண்டலும் டப்பாவில் கட்டிக்கொண்டு போய், பேருந்தில் ஏறுவதற்கு முன்பே சாப்பிட்டுவிடுகிறேன். கடையில் உட்கார வேண்டிவந்தால் தே ஓ கோசோங், அதாவது பாலும் சீனியும் இல்லாத தேநீர்.

எடையைக் குறைக்க முயல்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2010-இல் சிகாகோவில் ஒரே அளவு உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களை ஒரு முறை 8.5 மணி நேரமும் இன்னொரு முறை 5.5 மணி நேரமும் படுக்கவிட்டார்கள். இரண்டிலும் எடை ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது. ஆனால் தூக்கம் குறைந்தபோது கரைந்த கொழுப்பு 55 சதவீதம் குறைவு, கரைந்த தசை 60 சதவீதம் அதிகம். சர்க்கரையை வாங்கி எரிப்பதே தசைதான். தூங்காமல் பட்டினி கிடந்து எடையைக் குறைப்பவர், எடைக்கருவியில் வெற்றியும் சுகர் மீட்டரில் தோல்வியும் காண்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாரத்திற்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி, தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாமல், அதோடு வாரம் இரண்டு மூன்று முறை தசைப்பயிற்சி என்பது நீரிழிவுக்கான பொது வழிகாட்டல். ஒரு நல்ல நடையின் பலன் ஒன்றிரண்டு நாட்களுக்கே நீடிப்பதால் இந்த இடைவெளிக் கணக்கு முக்கியம். ஆகவே தூக்கம் கெட்ட நாளில் நான் உடற்பயிற்சியை விடுவதில்லை, வடிவத்தை மாற்றுகிறேன். 5 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியிருந்தால் படியேற்றம் கிடையாது, கனமான எதையும் தூக்குவது கிடையாது, புதிய அசைவு எதையும் முயல்வது கிடையாது. கர்ப்பால் சிங் சாலையின் கடலோரத்தில் சமதளமாக, பேசிக்கொண்டே போகக்கூடிய வேகத்தில் 20 நிமிடம் நடப்பேன். மற்றது சாப்பாட்டுக்குப் பின்னான குறுநடைகளாகப் பிரிந்துவிடும். இரப்பர் பட்டையை இழுக்கும் பயிற்சியும், நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியும் நன்றாகத் தூங்கிய நாட்களுக்கு உரியவை. காலைச் சுகர் 9 என்று வந்தால் அதை உடனே இறக்கிவிட வேண்டும் என்று நடையை இரட்டிப்பாக்குவதும் இல்லை. அன்றிரவு நன்றாகத் தூங்கினாலே மறுநாள் அதில் ஒரு பங்கு இறங்கிவிடுவதைப் புத்தகத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன். இன்சுலினோ கிளிக்லசைட்டோ எடுப்பவர்கள் தொடங்குவதற்கு முன் சோதித்து, 5-க்குக் கீழே இருந்தால் ஏதாவது கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு நடக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் சுகர் இறங்கும் அறிகுறிகள் சரியாகப் பிடிபடுவதில்லை.

உடற்பயிற்சி தூக்கத்துக்கும் நல்லது என்பதால் இந்தக் கணக்கு இரு பக்கமும் ஓடுகிறது. சாயங்காலம் நடப்பவர்களுக்கு ஆழ்ந்த தூக்கம் வருகிறது. மூச்சு வாங்கும் அளவுக்கான பயிற்சியைப் படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே முடித்துவிட்டால் போதும். மெதுவான நடைக்கு அந்தத் தடையும் இல்லை.

இரவு ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு எட்டு மணி நேரத் தூக்கம் என்று உபதேசம் செய்வது எளிது. பகலில் தூங்குபவருக்கு எதிரி வெளிச்சமும் வெக்கையும் பக்கத்து வீட்டுத் துளையிடும் கருவியும். அறைச் சன்னலுக்குக் கறுப்புத் துணியில் இரட்டைத் திரை தைத்துப் போட்டேன். வேலையை விட்டு வரும்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டால் காலை வெளிச்சம் மூளையை எழுப்பிவிடுவதில்லை. பெரிய சாப்பாட்டை ஷிப்ட் தொடங்குவதற்கு முன்பே முடித்துவிட்டு, நடு இரவுக்குப் பிறகு சிறிதாக மட்டும் சாப்பிடுகிறேன். உடலின் கடிகாரப்படி அந்த நேரத்தில் உண்ணும் சோற்றுக்குச் சுகர் பகலைவிட அதிகமாக ஏறும். கோப்பியின் வீரியம் பாதியாகக் குறைய ஏறத்தாழ 5 மணி நேரம் பிடிக்கும் என்பதால், ஷிப்டின் முதல் பாதியோடு அதை நிறுத்திக்கொள்கிறேன். ஒரே மூச்சில் தூங்க முடியாதவர்கள் காலையில் நான்கைந்து மணி நேரமும், வேலைக்குப் போவதற்கு முன் ஒன்றரை மணி நேரமும் என்று பிரித்துக்கொள்ளலாம். மாத்திரை நேரத்தைச் சொந்தமாக மாற்றிவிடாமல், ஷிப்ட் அட்டவணையையே டாக்டரிடம் காட்டி எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. அட்டவணை மாறும் வாரத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்கள் புறப்படுவதற்கு முன் சாப்பாட்டு அறையில் 20 நிமிடம் கண்ணை மூடிவிட்டுக் கிளம்பலாம். அதற்கு வெட்கப்படத் தேவையில்லை.

கடைசியாகத் தைப்பூசம். பூசத்துக்கு முதல் நாள் இரவு பினாங்கில் யாரும் தூங்குவதில்லை. இரதம் பின்னால் நடந்து, தேங்காய் உடைப்பதைப் பார்த்து, தண்ணீர்ப் பந்தலில் கொடுக்கும் இனிப்புப் பானத்தை வாங்கிக் குடித்து, விரதத்தோடு, வெறுங்காலோடு, விடியற்காலையில் பால்குடம் சுமந்து அத்தனை படியும் ஏறுபவர்களில் இனிப்புநீர் உள்ளவர்கள் எத்தனையோ பேர். தூக்கமின்மை, பட்டினி, மருந்து, கடும் ஏற்றம் ஆகிய நான்கும் ஒரே இரவில் கூடும் நாள் ஆண்டில் வேறில்லை. வேண்டுதலை விடச் சொல்ல எனக்கு மனமும் இல்லை, தகுதியும் இல்லை. விரதம் தொடங்குவதற்குச் சில வாரம் முன்பே கிளினிக்கில் சொல்லி, கிளிக்லசைட்டையும் இன்சுலினையும் எப்படி மாற்றுவது என்று கேட்டு வைத்துக்கொள்கிறார்கள் எங்கள் குழுவினர். முதல் நாள் பிற்பகலில் மூன்று மணி நேரமாவது படுத்துத் தூங்கிவிடுகிறோம். இரதத்தோடு கடைசிவரை போவதை இளையவர்களிடம் விட்டுவிடுகிறோம். மீட்டரும் குளுக்கோஸ் மாவுப் பொட்டலமும் இடுப்புப் பையில் இருக்கும். பால்குடம் சுமப்பவருடன் கூடவே வரும் ஒருவருக்கு அவர் எந்த மருந்து எடுக்கிறார் என்பது தெரிந்திருக்கும். தார்ச்சாலை சுடுவதற்கு முன்பே ஏறி இறங்கிவிடுகிறோம். பாதம் மரத்துப்போனவர்கள் அடிவாரத்தில் பாலைக் கொடுத்துவிட்டு உறவினர் ஒருவரை ஏறச் சொல்வது நல்லது. வீட்டுக்கு வந்ததும் காலைக் கழுவித் துடைத்து, விரலிடுக்குகளையும் உள்ளங்காலையும் வேறொருவரைவிட்டுப் பார்க்கச் சொல்லி, தேங்காய் ஓட்டுச் சில்லு குத்தியிருந்தால் அன்றே கிளினிக்குக்குப் போய்விட வேண்டும்.